உருட்டாத பகடை

என் தம்பி, தன் மனைவியின் பெட்டியை அலமாரி மேலிருந்து தானே இறக்கி, தூசி தட்டி, பூட்டு சரியாக விழுகிறதா என்று போட்டுப் பார்த்து, அவள் கையில் கொடுத்திருக்கிறான். அவள் "நான் போறேன்" என்று சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுநாள் காலை பட்டறைக்கு வந்து இதையெல்லாம் அவனே என்னிடம் விலாவாரியாகச் சொன்னான். சொல்லி முடித்து, "என் நேரம், அக்கா" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசைமேல் இருந்த தொலைபேசியைத் தூக்கி அவன் மேல் எறிந்திருப்பேன். எதிரே ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தான்.

இந்த "என் நேரம்" எனக்குப் புதிது இல்லை. அவன் பேசக் கற்ற நாளிலிருந்து கேட்டு வருகிறேன். மழை வந்தால் அவன் நேரம். மழை வராமல் குடையைச் சும்மா சுமந்து திரிந்தால் அதுவும் அவன் நேரம். பட்டறையில் கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு 'நேரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "நேரம் வந்தாச்சா?" என்று ஒருவன் கேட்பான். "வந்தாச்சு, ஆனா சரியில்ல" என்று இன்னொருவன் சொல்வான். இவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ரோஷம் என்ற ஒன்றை அவன் எங்கே தொலைத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பட்டறை என் வீட்டுக்காரருடையது. பழுதான ஃபிரிட்ஜ், ஏசி, கடைகளில் நிற்கும் குளிர்ப்பெட்டி எல்லாம் வரும். முன்னால் கண்ணாடித் தடுப்புக்குள் மேசை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். தொலைபேசி, பில், வாடிக்கையாளரின் கோபம் மூன்றும் என் இலாகா. தம்பி உள்ளே வேலை பார்க்கிறான். ஒரு ஃபிரிட்ஜ் வண்டியிலிருந்து இறங்கும்போதே அதன் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது தேறாது" என்பான். கொண்டுவந்தவருக்கு முகம் தொங்கிவிடும். "அவர் விளையாட்டுக்குச் சொல்றார்" என்று சிரித்துக்கொண்டே நான் வெளியே ஓட வேண்டும். பிறகு அதே ஃபிரிட்ஜை யாராவது பிரித்துப் போட்டு, "இந்தக் குழாயைப் பத்த வை" என்று அவனிடம் கொடுத்தால் போதும். செம்புக் குழாயில் அவன் வைக்கிற ஒட்டு விரலால் தடவினாலும் தெரியாது. கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தால் ஒரு குமிழ்கூட வராது. வேலை தெரியாதவன் என்றால் நானும் தலை முழுகியிருப்பேன். தெரிந்தவன். வயிற்றெரிச்சலே அதில்தான்.

சின்ன வயதிலேயே இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம். முதல் வளைவில் கொஞ்சம் பின்தங்கினான். உடனே தடத்தை விட்டு வெளியே வந்து குழாயடியில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அடுத்த வளைவில் முன்னால் ஓடிய இருவர் முட்டி மோதி விழுந்தார்கள். இவனுக்குப் பின்னால் காலை இழுத்து இழுத்து ஓடிவந்த பையன் பரிசை வாங்கிக்கொண்டு போனான். இவன் வாயில் தண்ணீரோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுநர் உரிமத்துக்குப் போனபோது வண்டி ஒரு தடவை நின்றுவிட்டது. இறங்கி, சாவியை அதிகாரியின் கையில் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு நடந்தான். "தம்பி, டெஸ்ட் இன்னும் முடியலப்பா" என்று அவர் பின்னால் கூப்பிட்டாராம். இவன் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் பேருந்தில்தான் போகிறான். பேருந்து தாமதமாக வந்தால் என்ன சொல்வான் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் ஆனதே அவள் செய்த வேலை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். ஒருநாள் அங்கே ரத்தக் குப்பிகளை வைக்கும் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. இவனை அனுப்பினோம். வாசலில் நின்றபடியே "தேறாது, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறான். அவள், "இன்னும் கிட்டவே வரலையே. திறந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாளாம். திறந்தான். மோட்டாரைக் கிளப்புகிற ஒரு சின்ன ரிலே போயிருந்தது. அரை மணியில் ஓடியது. அதற்குப் பிறகு அந்த ஃபிரிட்ஜில் ஏதாவது ஒரு குறை வந்துகொண்டே இருந்தது. குளிர்ச்சி போதவில்லை, குளிர்ச்சி அதிகம், கதவு சத்தம் போடுகிறது என்று அவளே கூப்பிடுவாள். தொலைபேசியை எடுப்பது நான்தான் என்பதால் எனக்கு இரண்டாவது அழைப்பிலேயே புரிந்துவிட்டது. இவனுக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. அதையும் அவளே சொல்ல வேண்டியிருந்தது.

அவளுக்கு இப்போது வேறு ஊரில் திறந்த கிளைக்கு மாற்றல். பொறுப்பான பதவி. இவனையும் வரச் சொன்னாள். அந்த ஊரில் காய்கறிக் கிடங்குகள் நிறைய, குளிர் அறை வேலை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று விசாரித்தும் வைத்திருந்தாள். இவன், "அங்க யாருக்கு என்னைத் தெரியும்? நான் போனா இருக்கிற வேலையும் இல்லாமப் போயிடும்" என்று இழுத்துக்கொண்டே இருந்தான். பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் ஒருநாள், "நான் போறேன். வந்தா வாங்க, இல்லன்னா இத்தோட விட்டுடலாம்" என்றாள். பெட்டி இறங்கிய கதை இதுதான். முதலில் துணிகளோடு மட்டும் போனாள். மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை வண்டி கொண்டுவந்து, அவளுடைய அலமாரியையும் மற்றச் சாமான்களையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அந்தச் சனிக்கிழமையும் போய்விட்டால் அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எனவே இவன் அந்த நாட்களை எப்படிக் கழித்திருக்க வேண்டும்? அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஒரு பேருந்து ஏறியிருக்கலாம். என் தம்பி பட்டறைக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

இங்கே பேக்கேமன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கப்பலில் குளிர்சாதன வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம். மடக்கிப் பெட்டியாக்கும் பலகை, ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை. பகடையில் விழுந்த எண்ணிக்கைக்குக் காய்களை நகர்த்தி, எல்லாவற்றையும் தன் பக்கம் சேர்த்து முதலில் வெளியே எடுப்பவர்தான் ஜெயித்தவர். தினமும் மதியம் சாப்பாடு முடிந்ததும் இவரும் தம்பியும் ஒரு பழைய குளிர்ப்பெட்டியின் மேல் பலகையை விரித்துவிடுவார்கள். வாரக் கடைசியில் யார் தோற்றிருக்கிறாரோ அவர் அடுத்த வாரம் முழுக்க எல்லாருடைய டீ கோப்பையையும் கழுவ வேண்டும். எங்கள் பட்டறையில் கோப்பை கழுவுவது என் தம்பிதான். வேறு யாரும் கழுவி நான் பார்த்ததில்லை.

இந்த ஆட்டத்தில் 'டபுள்' என்று ஒன்று உண்டு. தன் கை ஓங்கியிருக்கிறது என்று நினைப்பவர், "இந்த ஆட்டம் இனிமேல் இரண்டு ஆட்டத்துக்குச் சமம், ஆடறியா, விடறியா?" என்று கேட்கலாம். எதிராளி விட்டால் ஒரு ஆட்டம் தோற்றதாகக் கணக்கு, அத்தோடு முடிந்தது. எடுத்துக்கொண்டால் இரண்டு ஆட்டத்துக்கான ஆட்டமாகத் தொடரும். என் வீட்டுக்காரர் டபுள் போடுவார், தம்பி பலகையை மடக்குவான். மடக்கிக்கொண்டே பகடையைத் திட்டுவான். "மாமாவுக்கு மட்டும் ஆறும் ஆறுமா விழுது. எனக்கு எது தேவையில்லையோ அதுதான் விழுது."

மனைவி போன பிறகு இந்தப் புலம்பல் உச்சத்துக்குப் போயிற்று. ஆட்டத்தில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் மென்பொருள் இருப்பதாக எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான். தனக்கு நேரம் சரியில்லை என்பதை மிஷின் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டான். பெண்டாட்டி வீட்டைக் காலி செய்யப் போகிறாள், இவன் தன் துரதிர்ஷ்டத்துக்குச் சான்றிதழ் வாங்கப் புறப்பட்டான். இதற்கு மேல் ஒரு அக்கா என்ன செய்ய முடியும்?

இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் என் மேசையில் இருப்பது. ஆகவே பலகை என் கண்ணாடித் தடுப்புக்குள் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தடவை பகடை உருண்டதும் என்ன விழுந்தது, எந்தக் காய் எங்கே போனது என்று அவன் தட்டச்சு செய்வான். அதுவரை என் வீட்டுக்காரர் விரலால் மேசையில் தாளம் போடுவார். ஒரு ஆட்டம் முடியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை. வாடிக்கையாளர் பில்லுக்காக நிற்பார், இவன் "ஒரே நிமிஷம், மூணும் ஒண்ணும்" என்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடித்துக்கொண்டே அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டேன். காதில் விழுவதை எப்படித் தடுப்பது? இரண்டு பகடை முப்பத்தாறு விதமாக விழலாம். ஒருவர் உருட்டுவதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு விதமும் விழுந்தால் அவர் நிலைமை எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மிஷின் போட்டுப் பார்த்துச் சராசரி எடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு உண்மையில் விழுந்ததை அந்தச் சராசரியோடு ஒப்பிடுகிறது. மேலே இருந்தால் நல்ல நேரம், கீழே இருந்தால் கெட்ட நேரம், எவ்வளவு மேலே கீழே என்பதுவரை எண் உண்டு. அடுத்து, விழுந்த பகடையை வைத்துச் செய்திருக்கக்கூடிய மிகச் சிறந்த நகர்வு எது, நீ செய்தது எது என்று பார்க்கிறது. அந்த வித்தியாசம் உன் தப்பு. நேரம் ஒரு பத்தி, தப்பு ஒரு பத்தி. இரண்டையும் அது கலப்பதே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டையும் பிரித்துப் பேச யாருக்கும் தெரியாது.

சில வேடிக்கைகளும் நடந்தன. ஒருநாள் என் வீட்டுக்காரருக்கு இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். மிஷின் அதற்கு ஏறக்குறைய ஒன்றுமே போடவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு எது விழுந்திருந்தாலும் ஜெயிக்கிற நிலைதானாம், ஆறு ஆறு விழுந்ததில் விசேஷம் இல்லையாம். அதே ஆட்டத்தின் ஆரம்பத்தில் தம்பிக்கு விழுந்த, யாரும் கவனிக்காத ஒரு நாலும் இரண்டும் பெரிய அதிர்ஷ்டம் என்றது. தம்பி அதைப் படித்துவிட்டு, "இதுல ஏதோ கோளாறு" என்றான்.

சனிக்கிழமைக்கு முந்தைய நாள் எல்லா ஆட்டங்களையும் சேர்த்து மொத்தக் கணக்கைக் கேட்டான். மிஷின் கொஞ்ச நேரம் யோசித்து ஒரு பட்டியலைத் திரையில் போட்டது. மேலே முதல் வரி: மொத்த அதிர்ஷ்டத்தில் தம்பிக்குக் குறைவு, மாமாவுக்கு அதிகம். தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். கூட வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். மனைவி போன நாளிலிருந்து அவன் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். "பாத்தியா அக்கா, நான் பொய் சொல்லல. என் நேரம் மோசம்னு மிஷினே சொல்லுது" என்றான். கொடுமை என்னவென்றால் அவன் சொன்னது உண்மை. பகடை அவனுக்குக் கொஞ்சம் மோசமாகத்தான் விழுந்திருந்தது.

அவன் கொண்டாட்டத்தோடு உள்ளே போனான். திரை என் முன்னால் இருந்தது. நான் கீழே படித்தேன்.

நேரம் அவனிடமிருந்து பறித்தது ஒரு கைப்பிடி என்றால், தப்புப் பத்தியில் இருந்தது ஒரு மூட்டை. காய் நகர்த்தியதில் பெரிய தப்புகள் இல்லை, என் வீட்டுக்காரரைவிட நன்றாகவே நகர்த்தியிருந்தான். மூட்டை முழுக்க ஒரே சாதித் தப்பு. டபுள் வந்தது, விட்டான், விட்டது தவறு. அடுத்த ஆட்டம்: டபுள் வந்தது, விட்டான், விட்டது தவறு. வரிசையாகச் சிவப்பு எழுத்து. ஒரு ஆட்டத்தில் அவன் ஜெயிக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு இருந்ததாம். அதையும் மடக்கி வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரர் பக்கத்திலும் சிவப்பு இருந்தது: டபுள் போட்டது அவசரம், போட்டிருக்கக் கூடாது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இத்தனை நாள் தன்னை ஆட்டத்தில் மன்னன் என்று நினைத்திருந்தவர் முகம் சுருங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு, "அவன் விட்டுடுவான்னு எனக்குத் தெரியும். மிஷினுக்கு அது எப்படித் தெரியும்?" என்றார்.

 என் வீட்டுக்காரர் மட்டுமா? உரிமம் தரும் அதிகாரிக்கும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று, பந்தயத்தில் ஓடிய பையன்களுக்கும் தெரிந்தது. கொஞ்சம் அழுத்தினால் இவன் மடக்கிவிடுவான் என்று இவனைச் சுற்றியிருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே டபுளை எடுக்கலாம் என்பது கணக்கு, அதைத் தம்பியையும் கூப்பிட்டுச் சிவப்பு வரிகளைக் காட்டி என் வீட்டுக்காரர்தான் விளக்கினார். நாலு ஆட்டத்தை விட்டால் நாலு போகும். நாலையும் எடுத்து, மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தால் ஆறு போகும், இரண்டு வரும், போனது அதே நாலுதான். அதற்கு மேல் கொஞ்சம் வாய்ப்பு இருந்தால் எடுப்பதுதான் லாபம். விட்ட ஆட்டத்தில் மிச்சமிருந்த பகடைகளை மிஷின் நேரக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எப்படிச் சேர்க்கும்? அவன் உருட்டவே இல்லையே.

அன்று மாலை தம்பி மனைவிக்கு நானே போன் செய்தேன். சண்டை போடத்தான் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் என்னைப் பேச விட்டுவிட்டு, "நான் போறேன்னு சொன்னா கையைப் பிடிச்சு நிறுத்துவார், இல்ல நானும் வரேம்பார்னு நெனச்சேன், அண்ணி. பெட்டியைத் தொடச்சுக் குடுக்கறார்" என்றாள்.  மூக்கை உறிஞ்சிவிட்டு, தான் இப்படிச் சொன்னதாக அவனிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அவராக வர வேண்டும், அக்கா அனுப்பி வரக் கூடாது என்றாள். நியாயம்தான். ஆனால் என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டாளே என்று அவள் மேலும் எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை காலை தம்பி வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. கதவு திறந்து கிடந்தது. உள்ளே நான் கண்ட காட்சியை எதிரிக்கும் விரும்ப மாட்டேன். அவளுடைய அலமாரியை அவன் முழுக்கப் பிரித்து வைத்திருந்தான். பலகைகள் அளவு வாரியாகச் சுவரில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டியிருந்தது. திருகாணிகளை மருந்துக் கவர்களில் போட்டு அந்தந்தப் பலகையோடு கட்டியிருந்தான். கண்ணாடி வைத்த கதவுக்குப் பழைய போர்வை சுற்றியிருந்தான். ஒருத்தி தன்னை விட்டுப் போவதற்கு இவ்வளவு சுத்தமாக ஏற்பாடு செய்து கொடுத்தவனை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"அவ என்ன சொல்லிட்டுப் போனா? அப்படியே சொல்லு" என்றேன்.

சொன்னான். வந்தா வாங்க, இல்லன்னா இத்தோட விட்டுடலாம்.

"அதுக்குப் பேர் என்னடா? நேத்து பூராவும் திரையில பாத்தியே. ஆடறியா, விடறியான்னு கேட்டிருக்கா. டபுள்டா அது. நீ விட்டுட்டு வந்து என் நேரம்ங்கற."

அவன் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். வழக்கமாக நான் கத்தினால் சிரித்து மழுப்புவான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கீழே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவளுடைய குரலும் கேட்டது, ஓட்டுநரிடம் எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமா போடறது வேற, அக்கா. அவர் நான் விடணும்னு போடறார்" என்றான்.

"இவ?"

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து திருகாணிக் கவர் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். நான் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. அவனை உலுக்கி எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைக்கூடத் திறந்தேன். அதற்குள் அவன் தலையைத் தூக்காமல் கேட்டான்.

"நாலுல ஒண்ணு இருக்கும்ங்கறியா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது தெரியக் கூடாது என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். "எனக்கு எப்படிடா தெரியும்? நான் என்ன மிஷினா? கீழ நிக்கறா, போய் அவளைக் கேளு."

எழுந்தான். வெறுங்கையோடு போவது அவனுக்கு ஆகாது போலிருக்கிறது, போர்வை சுற்றிய கண்ணாடிக் கதவைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினான். இந்த லட்சணத்தில் போய் என்ன பேசப் போகிறான்? நானும் பின்னால் இறங்கினேன்.

அவள் வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தாள். இளைத்திருந்தாள். கதவைப் பார்த்தாள், அதில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"அலமாரியைப் பிரிச்சுட்டீங்களா?"

"எல்லாத்துலயும் நம்பர் போட்டிருக்கேன்" என்றான்.

"அங்க யாரு மாட்டறது?"

"நம்பர் பாத்து யார் வேணா மாட்டலாம்."

எனக்கு அந்தச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அவள் கதவை வாங்கக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டுநர் வண்டியில் உட்கார்ந்து தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்தா... தேறும்ங்கறியா?" என்றான் தம்பி.

அவள் குரல் உயர்ந்தது. கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "திறந்து பாக்காம கேக்காதீங்கன்னு முதல் நாளே சொல்லியிருக்கேன்" என்றாள்.

அவன் அந்தக் கதவை வண்டிக்குள் பத்திரமாகச் சாய்த்து வைத்தான். பிறகு மாடிக்கு ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அந்தப் பள்ளிக்கூடப் பந்தயத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். மிச்சப் பலகைகளை எல்லாம் நாங்கள் மூன்று பேரும் இறக்கினோம். கடைசியில் அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, அவளுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உட்கார இடம் இல்லாமல், பின்னால் பலகைகளோடு ஏறி உட்கார்ந்தான். மாற்றுச் சட்டை ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. வேலையை விடுகிறேன் என்று மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிய சாவியை என்னிடம் கொடுக்க மறந்து பையிலேயே கொண்டுபோய்விட்டான். பூட்டை உடைத்துத் துணியை எடுத்து அனுப்பியது நான்தான்.

இப்போது பட்டறையில் என் வீட்டுக்காரர் தன் கோப்பையைத் தானே கழுவிக்கொள்கிறார். குழாய் பற்றவைக்கப் புதிய ஆள் வந்திருக்கிறான். அவன் வைக்கும் ஒட்டில் சோப்பு நுரை கொப்புளிக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தம்பி மேல் வேறு விதமான கோபம் வருகிறது.

போன வாரம் அவன் போன் செய்தான். அரை மணி நேரம் புலம்பல். போன அன்றே அந்தத் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டதாம். அலமாரியை மாட்டினால் இடது கதவு மூடவில்லையாம், தரை சாய்வாம். கிடங்கில் அவனுக்குக் கொடுத்த முதல் குளிர் அறையிலேயே எட்டு இடத்தில் கசிவாம், எட்டையும் அடைத்தானாம். எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த இரண்டு வார்த்தை. பின்னால் அவள் குரல் கேட்டது, சோறு ஆறிப்போகிறது, போனை வைக்கிறீர்களா இல்லையா என்று.

வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னான். அவளுக்குப் பேக்கேமன் கற்றுக்கொடுத்திருக்கிறானாம். நேற்று ஆடும்போது அவள் டபுள் போட்டாளாம்.

"எடுத்தியா?" என்றேன்.

"எடுத்தேன். தோத்துட்டேன். ரெண்டு போச்சு." அவன் குரலில் வருத்தம் இருப்பதாகவே தெரியவில்லை. "மிஷின்ல போட்டுப் பாத்தேன், அக்கா. எடுத்தது சரிதானாம். ஒரு தப்பும் இல்லையாம். பகடை மட்டும்தான் மோசமாம். இப்பவாவது ஒத்துக்க, என் நேரம்தானே?"

"ஆமாண்டா" என்றேன். "இது உன் நேரம்தான்."

அவனிடம் இதை நான் ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.